கேமரன் மலையில் மோட்டார் சைக்கிள்: கைத்தொலைபேசி, ஹெட்செட், வழிகாட்டிக் கருவியை இணைப்பது எப்படி?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் காலை நேரத்தில் சற்று நின்று பார்த்தால் ஒரு காட்சி கண்ணில் படும். கப்சாய் மோட்டாரில் இறங்கி வரும் இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசியைத் தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகியிருப்பார். பேசிக்கொண்டே வளைவில் திரும்புவார். தொலைபேசி நழுவினால் ஒரு கை தானாக மேலே போகும். அந்த நொடியில் எதிரே காய்கறி லோரி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்காது.

அழைத்தவர் பெரும்பாலும் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தில் வேலை செய்வதில்லை. தானா ராத்தா, பிரிஞ்சாங் தங்கும் விடுதிகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். தாப்பா, ஈப்போ வரை மோட்டாரில் இறங்கி ஏறுகிறவர்களும் உண்டு. மழை தொடங்கினால் அம்மா அழைப்பார், வேலைக்கு நேரமானால் மேலாளர் அழைப்பார். அழைப்பை எடுக்காமல் இருக்கவும் மனம் வராது, எடுத்தால் கை பிடியை விட்டுப் போகும். தலைக்கவச ஹெட்செட்டும் புளூடூத்தும் இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கும். மீதிப் பாதியைக் கருவி தீர்க்காது. அதை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்களின் பின்னால் அமர்ந்து செல்பவர்களும்தான். தலைக்கவசம் இந்நாட்டில் 1973-ஆம் ஆண்டிலிருந்தே கட்டாயம். வாகனம் ஓடும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதும் குற்றம், அதற்குச் சம்மன் உண்டு.

இந்த மலையின் சாலை

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு பதிவு செய்தார். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1931-இல் முழுமை பெற்றது. 1933-இல் பாரத் தேயிலை வந்தது. அதாவது வண்டி போகும் சாலை ஒழுங்காக முடிவதற்கு முன்பே தேயிலை மலைக்கு வந்துவிட்டது. அன்று போட்ட தடத்தில்தான் இன்றும் தாப்பா சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நேர்ச்சாலை என்று சொல்லத்தக்க பகுதி மிகக் குறைவு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலை அகலமானது, வளைவுகளும் தாராளமானவை. ஆனால் அங்கே மூடுபனியும் கனரக லோரிகளும் உண்டு.

தோட்டத்துக்குள் போகும் பாதைகள் இன்னொரு வகை. சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கும், ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே பிரியும் போ தோட்டத்துக்கும் செல்லும் வழிகளில் பல இடங்களில் ஒரே நேரத்தில் ஒரு கார்தான் போக முடியும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் பள்ளம். எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒருவர் பின்வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இடம் இருக்கிறது என்று நினைத்து நுழைகிறவர்கள்தான் ஓரத்துச் சரளையில் வழுக்கி விழுகிறார்கள்.

இந்தச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். திரையை மூன்று நொடி குனிந்து பார்த்தால் 33 மீட்டர் பார்க்காமல் ஓட்டியதாகக் கணக்கு. தாப்பா சாலையில் 33 மீட்டருக்குள் ஒரு வளைவே முடிந்துவிடும். வழிகாட்டி காதில் பேச வேண்டும், கண்ணில் படக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

புளூடூத் உள்ளே என்ன செய்கிறது

புளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர், நீலப்பல் என்று பொருள். பிரிந்து கிடந்த மக்களை ஒன்றாக்கியவர் என்பதால் அவர் பெயரை வைத்தார்கள். 1994-இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் இதற்கான வேலை தொடங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி இது பேசும். ஒரு தடத்தில் இடையூறு இருந்தால் அடுத்த தடத்தில் தகவல் போய்விடும். அதனால்தான் நூறு பேர் கூடியிருக்கும் பிரிஞ்சாங் இரவுச் சந்தையிலும் ஒருவர் ஹெட்செட் இன்னொருவர் தொலைபேசியோடு குழம்புவதில்லை.

மூடுபனியில் புளூடூத் அறுந்துபோகும் என்று பலர் நம்புகிறார்கள். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் பனி ஒன்றும் செய்யாது. மறைப்பது நம் உடம்புதான். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். பின்பக்கப் பாக்கெட்டில் தொலைபேசியை வைத்துவிட்டு, தலைக்கவசத்தின் இடப்பக்கம் ஹெட்செட்டை மாட்டினால் அலை முழு உடம்பையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாட்டு விட்டு விட்டு வருகிறது என்று கடைக்குப் போய்ப் புது ஹெட்செட் வாங்குவதற்கு முன், தொலைபேசியை மார்புப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். செலவில்லாத வைத்தியம் அது.

புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொலைபேசிக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே ஒரே குழாய் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் இரண்டு உண்டு. ஒன்று அழைப்புக்கானது. இருபக்கமும் பேசலாம், ஆனால் குரல் தரம் குறைவு, ஒலி ஒற்றையாக வரும். மற்றொன்று பாட்டுக்கானது. ஒருபக்கம் மட்டும் போகும், தரம் அதிகம். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் புளூடூத் பட்டியலில் ஹெட்செட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால் அழைப்பு, மீடியா என்று இரண்டு பொத்தான்கள் தனித்தனியாகத் தெரியும். ஹெட்செட் இணைந்திருக்கிறது, ஆனால் வழிகாட்டியின் குரல் வரவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் மீடியா பொத்தான் அணைந்திருக்கும். பாட்டு வருகிறது, அழைப்பு மட்டும் தொலைபேசியிலேயே ஒலிக்கிறது என்றால் அழைப்புப் பொத்தானைப் பார்க்க வேண்டும்.

தலைக்கவசத்தில் பொருத்துவது

காதில் செருகும் சாதாரண இயர்பட்டைத் தலைக்கவசத்துக்குள் போட்டுக்கொள்வது நம் இளைஞர்களிடம் பரவலாக உள்ளது. தலைக்கவசத்தை மாட்டும்போது அது பாதி வெளியே வந்துவிடும். ஓடும்போது விழுந்தால் கை அதைத் தேடும். இரண்டு காதையும் அடைத்துவிடுவதால் வளைவுக்கு முன் லோரி அடிக்கும் ஹாரனும் கேட்காமல் போகலாம். மலையில் ஹாரன் ஒரு மொழி. வளைவில் வருகிறேன் என்று சொல்வதற்கு அதைவிட வேறு வழி இல்லை.

தலைக்கவச ஹெட்செட்டில் மெல்லிய தட்டு போன்ற ஸ்பீக்கர்கள் காதைத் தொடாமல் பக்கத்தில் நிற்கும். வெளிச்சத்தமும் உள்ளே வரும். முகம் திறந்த தலைக்கவசத்துக்கு வளையும் தண்டு உள்ள மைக் பொருந்தும். முகம் மூடிய தலைக்கவசத்துக்கு ஒட்டுகிற சிறிய மைக் போதும். வாங்கும்போது பெட்டியில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இரண்டும் இருந்தால் நல்லது. ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் விலகினாலே சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். உடனே ஒலியளவைக் கூட்டிவிடுவோம். கூட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை நகர்த்திப் பார்ப்பது நல்லது.

ஸ்பீக்கர் உட்கார இடம் இல்லையென்று தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரையைக் கத்தியால் சுரண்டக்கூடாது. விழும்போது தலைக்கு வரும் அடியை வாங்குவது அந்த நுரைதான். ஓட்டில் துளை போடுவதும் அப்படித்தான். கிளிப் போட்டு மாட்டும் வகையோ ஒட்டும் வகையோ போதும்.

எந்த வரிசையில் இணைப்பது

இணைக்கும் வேலையை வீட்டில், வண்டி நிற்கும்போது, அவசரமில்லாத நேரத்தில் செய்ய வேண்டும். தானா ராத்தா பேருந்து நிலையத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு மழைக்கு முன்னால் இணைக்கப் போனால் எது எதோடு இணைந்தது என்றே தெரியாது.

முதலில் பழைய இணைப்புகளை நீக்க வேண்டும். ஹெட்செட்டிலும் நீக்க வேண்டும், தொலைபேசியிலும் நீக்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் நீக்கினால் மறுபக்கம் பழைய சாவியோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும், கதவு திறக்காது. அண்ணன் பயன்படுத்திய ஹெட்செட்டைத் தம்பி எடுத்துக்கொள்ளும் வீடுகளில் இந்தக் கோளாறு அதிகம். அண்ணன் வாசலுக்கு வந்தாலே ஹெட்செட் அவருடைய தொலைபேசியோடு ஓடிப்போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்து ஹெட்செட்டைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான கருவிகளில் ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும். அப்போது தொலைபேசியின் புளூடூத் பட்டியலில் அதன் பெயர் வரும், அதைத் தொட்டால் இணைந்துவிடும். முதலில் ஒரே ஒரு தொலைபேசியை மட்டும் இணைத்து, ஓர் அழைப்பு, ஒரு பாட்டு, ஒரு வழிகாட்டல் என மூன்றையும் சோதிக்க வேண்டும். மூன்றும் சரியாக வந்த பிறகே இரண்டாவது கருவியைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைத்துவிட்டு எது வேலை செய்யவில்லை என்று தேடுவதுதான் பாதிப் பேரின் தலைவலி.

இரண்டு தொலைபேசி வைத்திருப்பவர்கள் மலையில் நிறைய. ஒன்று சொந்தம், மற்றொன்று வேலைக்கானது. அல்லது வீட்டுப் பக்கம் ஒரு நிறுவனத்தின் சிக்னல், வேலை செய்யும் இடத்தில் இன்னொன்றின் சிக்னல். பல ஹெட்செட்டுகளில் இரண்டாவது தொலைபேசிக்குத் தனிப் பேரிங் உண்டு. சேனா போன்ற நிறுவனங்களின் கருவிகளில் இரண்டாம் தொலைபேசிக்கு ஒன்று, ஜிபிஎஸ் கருவிக்கு ஒன்று என்று தனித்தனி வாசல்களே இருக்கின்றன. வழிகாட்டும் செயலி ஓடும் தொலைபேசியை முதலாவதாகவும், அழைப்புக்கு மட்டுமான தொலைபேசியை இரண்டாவதாகவும் வைத்து, இரண்டாவதில் மீடியா பொத்தானை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வேலைத் தொலைபேசியில் வாட்ஸ்அப் காணொளி ஒன்று தானாக ஓடினாலும் அது வழிகாட்டியின் குரலை அமுக்கிவிடும்.

தனி ஜிபிஎஸ் கருவி, உதாரணமாக கார்மின் நிறுவனத்தின் ஸுமோ, வைத்திருப்பவர்களுக்குச் சங்கிலி வேறு. தொலைபேசியை ஸுமோவோடு இணைத்து, ஸுமோவை ஹெட்செட்டோடு இணைப்பது ஒரு முறை. அப்போது அழைப்பும் வழியும் பாட்டும் ஒரே கருவி வழியாகக் காதுக்கு வரும், எதை முன்னால் விடுவது என்பதை அதுவே முடிவு செய்யும். தொலைபேசியையும் ஸுமோவையும் தனித்தனியாக ஹெட்செட்டோடு இணைப்பது இன்னொரு முறை. சில ஹெட்செட்டுகளில் இது நன்றாக நடக்கும், சிலவற்றில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இரண்டு முறைகளையும் கலக்காமல் ஒன்றைத் தேர்ந்துகொள்வது அவசியம். கலந்தால் ஒரே அழைப்பு இரண்டு வழியாக வந்து எதிலும் பேச முடியாமல் போகும்.

இப்போது கைப்பிடியில் மாட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றில் தொலைபேசி முதலில் புளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு, பிறகு வைஃபைக்கு மாறிக்கொள்ளும். ஹெட்செட்டைத் தொலைபேசியோடு அல்ல, திரையோடு இணைக்க வேண்டும் என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். தொலைபேசி பையில் பத்திரமாக இருக்கும், ஆனால் வைஃபை ஓடுவதால் சூடாகும், பேட்டரியும் வேகமாக இறங்கும்.

முதல் சொல் விழுங்கப்படுவது

எல்லாம் சரியாக இணைந்த பிறகும் ஒரு தொல்லை வரும். 200 மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும் என்று சொல்ல வேண்டிய குரல், பக்கம் திரும்பவும் என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் என்பதுதான் விழுங்கப்பட்டுவிடும். சத்தம் எதுவும் போகாதபோது குழாய் தூங்கிவிடுகிறது, அது விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. மிகக் குறைந்த ஒலியில் ஏதாவது பாட்டை ஓடவிட்டால் குழாய் விழித்தே இருக்கும். வேஸ் செயலியில் வழிகாட்டலை புளூடூத் அழைப்பாக ஒலிக்கச் செய்யும் அமைப்பு ஒன்று உண்டு. சில ஹெட்செட்டுகளில் அது பிரச்சினையைத் தீர்க்கும், சிலவற்றில் கூட்டும். இரண்டு விதமாகவும் வீட்டைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதே வழி. கூகுள் மேப்ஸில் புளூடூத் வழியாகக் குரல் ஒலிக்கவும், அழைப்பின்போதும் குரல் ஒலிக்கவும் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. வழிகாட்டும் மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். ஊர்ப் பெயர்களை அது உச்சரிக்கும் விதம் சிரிப்பை வரவழைக்கும், ஆனால் இடமா வலமா என்பது தெளிவாகக் கேட்கும்.

தொலைபேசியின் பேட்டரிச் சேமிப்பு முறையும் கவனிக்க வேண்டியது. திரை அணைந்த சில நிமிடங்களில் வழிகாட்டும் செயலியை அது நிறுத்திவிடக்கூடும். அந்தச் செயலிக்கு மட்டும் சேமிப்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்தில் வழி

வானத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னலும் தொலைபேசி நிறுவனத்தின் சிக்னலும் வேறு வேறு. மலை மறைப்பில் தொலைபேசிக் கோடுகள் போய்விட்டாலும் நாம் எங்கே இருக்கிறோம் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும். தெரியாமல் போவது வரைபடம்தான், ஏனென்றால் அது இணையத்திலிருந்து வர வேண்டும். கூகுள் மேப்ஸில் தாப்பா முதல் கம்போங் ராஜா வரை உள்ள பகுதியை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமல் ஓடும்போது நெரிசல் தகவலும் மாற்று வழிகளும் கிடைக்காது, வழி மட்டும் கிடைக்கும். வேஸ் புறப்படும்போது ஒருமுறை வழியை வாங்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலும் வழி சொல்லும். ஆனால் தவறான பாதையில் திரும்பிவிட்டால் புது வழி போட இணையம் வேண்டும்.

சிக்னல் தேடித் தேடித் தொலைபேசி களைத்துப்போவதும் மலையில் நடப்பதுதான். கோபுரம் தூரமாக இருக்கும்போது தொலைபேசி அதிகச் சக்தியோடு கத்துகிறது, பேட்டரி கரைகிறது. விமானப் பயன்முறையில் போட்டு புளூடூத்தை மட்டும் மீண்டும் திறந்தால் பதிவிறக்கிய வரைபடம் வழக்கம்போல் ஓடும். அந்நேரத்தில் யாரும் அழைக்க முடியாது என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

செயலி சொல்வதெல்லாம் போகத்தக்க வழி அல்ல. அதற்குத் தேயிலைத் தோட்டத்து மண்பாதையும் ஒரு கோடு, நெடுஞ்சாலையும் ஒரு கோடு. குறுக்கு வழி என்று அது காட்டும் பாதை தோட்டத்துக் கேட்டில் முடியலாம், காய்கறிப் பண்ணையின் வலைக்கூடத்துக்குள் நுழையலாம். நேற்றிரவு மழையில் மண் சரிந்த செய்தி உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த பிறகுதான் செயலிக்குத் தெரியும். கனமழைக்கு மறுநாள் புறப்படுகிறவர்கள் ரிங்லெட்டிலோ கம்போங் ராஜாவிலோ இருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போவது எந்த ஜிபிஎஸ்ஸையும் விட நம்பகமானது.

கைப்பிடியில் மாட்டினால்

2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி, ஐபோன் கேமராவில் படம் ஆடாமல் நிறுத்தும் நுண்ணிய பாகத்தைக் காலப்போக்கில் கெடுத்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். சிறிய எஞ்சின் வண்டிகளுக்கும் அதிர்வு தாங்கும் பிடிப்பான் பொருத்தச் சொல்கிறது அந்த அறிவிப்பு. காதில் வழி கேட்கிறவர்களுக்குத் தொலைபேசி கைப்பிடியில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. மார்புப் பாக்கெட்டில் இருந்தால் அதிர்வும் இல்லை, மழையும் இல்லை, புளூடூத்துக்கும் அது நல்ல இடம்.

மழையில் தொடுதிரை படும் பாடு தெரிந்ததுதான். துளி விழுந்தால் விரல் தொட்டதாக நினைத்துக்கொண்டு வரைபடத்தை எங்கோ இழுத்துக்கொண்டு போகும். ஹெட்செட்டின் சார்ஜ் துளைக்கு உள்ள ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று புறப்படும் முன் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். நனைந்து வந்த ஹெட்செட்டைத் துடைத்துக் காயவிடாமல் சார்ஜ் போடக்கூடாது.

கூட்டமாகப் போகும்போது

வார இறுதியில் சமவெளியிலிருந்து குழுவாக ஏறி வருகிறவர்கள் இண்டர்காம் பயன்படுத்துகிறார்கள். பெட்டியின் மேல் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். அது நேர்க்கோட்டில், இடையில் மறைப்பு இல்லாத வெளியில் எடுத்த கணக்கு. தாப்பா சாலையில் ஒரு மண்மேடு குறுக்கே வந்தாலே குரல் போய்விடும். மெஷ் வகை இண்டர்காமில் ஒருவர் குரல் நடுவில் இருப்பவரின் கருவி வழியாகத் தாவி அடுத்தவருக்குப் போகும். அதனால் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று விலகிப்போகாமல், முந்தினவரின் பின்விளக்கு தெரியும் தூரத்திலேயே அனைவரும் போனால் குரல் வளைவையும் தாண்டும். முன்னால் போகிறவர் லோரி வருகிறது, மணல் கிடக்கிறது என்று சொன்னால் போதும். மலையில் இண்டர்காமின் பயன் அதுதான். முதல் நாள் பார்த்த படத்தைப் பற்றிப் பேசக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நேரம் இருக்கிறது.

அழைப்பு என்ற மீதிப் பாதி

கைகள் இரண்டும் பிடியில் இருந்தால் பேசுவதில் ஆபத்தில்லை என்ற எண்ணம்தான் ஹெட்செட் வாங்கித் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. வாகனம் ஓட்டும்போது தொலைபேசி பயன்படுத்துகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அல்ல என்றும் அது கூறுகிறது. கை விடுபட்டாலும் மனம் விடுபடுவதில்லை. பின்னால் அமர்ந்திருப்பவர் வளைவைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு வளைவு தெரியாது.

ஆகவே அழைப்புகளை மலைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்செட்டிலும் தொலைபேசியிலும் தானாக எடுக்கும் வசதியை அணைக்க வேண்டும். சில ஹெட்செட்டுகள் உரக்க ஒரு சொல் சொன்னாலே அழைப்பை எடுத்துவிடும், காற்றுச் சத்தத்தைக்கூடச் சில நேரம் குரல் என்று எடுத்துக்கொள்ளும். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓட்டும்போது தொந்தரவு செய்யாத நிலை உண்டு. ஹெட்செட் இணைந்ததும் அது தானாகத் தொடங்கும்படி பல தொலைபேசிகளில் அமைக்கலாம். ஐபோனில் அழைத்தவருக்குத் தானாகப் பதில் குறுஞ்செய்தியும் போகும். அதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சேர்ந்ததும் அழைக்கிறேன் என்று தமிழிலேயே எழுதி வைக்கலாம்.

அவசரம் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது. தொந்தரவு செய்யாத நிலையில் ஒருவரே மீண்டும் அழைத்தால் இரண்டாவது அழைப்பை ஒலிக்க விடும் அமைப்பு இரண்டிலும் உண்டு. ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: சும்மா கேட்க ஒருமுறை, அவசரம் என்றால் உடனே இரண்டாம் முறை. இரண்டாம் முறை ஒலித்தால் ஓட்டுகிறவர் பாதுகாப்பான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி எடுப்பார். தாப்பா சாலையில் லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு எதிரே இருப்பதுபோல் நிறுத்த இடம் உள்ள பகுதிகளை முன்பே மனத்தில் குறித்து வைத்திருப்பது நல்லது. வளைவு ஓரத்தில் நிறுத்திப் பேசுவது ஓடிக்கொண்டே பேசுவதைவிட மோசம்.

எங்கே வருகிறாய் என்று கேட்பதற்காக மட்டும் வரும் அழைப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் பகிர்வது மாற்று. 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்று அளவுகள் உண்டு. புறப்படும்போது ஒரு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டால் அம்மா சமையலறையிலிருந்தே பார்த்துக்கொள்வார். சிக்னல் இல்லாத வளைவில் புள்ளி நகராமல் நிற்கும். அதைப் பார்த்து வீட்டில் பயப்படக்கூடாது என்பதையும், எவ்வளவு நேரம் நகராமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளோட்டி விழுந்து, பக்கத்தில் வந்தவர் அவருடைய தொலைபேசியை எடுத்து உதவி கேட்டு அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குரல் தொலைபேசியில் வராது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஹெட்செட்டில்தான் போகும், ஏனென்றால் இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. எதிர்முனையில் பேசுவது கேட்கவில்லை என்று அவர் அழைப்பைத் துண்டித்துவிடலாம். அழைப்புத் திரையில் உள்ள ஸ்பீக்கர் பொத்தானைத் தொட்டு தொலைபேசியைத் தேர்ந்தால் குரல் திரும்பி வரும், அல்லது ஹெட்செட்டை அணைத்தால் போதும். பூட்டிய திரையிலிருந்தும் அவசர எண் 999-ஐ அழைக்கலாம். சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போகும். வீட்டு எண் ஒன்றையும் இரத்தப் பிரிவையும் பூட்டிய திரையிலேயே தெரியும்படி அவசரத் தகவல் பகுதியில் எழுதி வைக்கலாம். இரண்டு தொலைபேசி வைத்திருப்பவர்கள் இரண்டிலும் எழுத வேண்டும்.